இரண்டாவது கம்பி

உட்காருங்கள் சார். ஆம்ப்ளிஃபயர் பெட்டியைப் பிறகு பார்க்கலாம், அது எங்கேயும் ஓடிவிடாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு கேள்வி கேட்டீர்கள். இந்தப் பேலன்ஸ்டு கேபிள் போட்டால் உண்மையிலேயே இரைச்சல் போகுமா என்று. அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இந்த நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட எல்லோரிடமும் பதினான்கு வருடமாக அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். போகும், என் வீட்டிலேயே போனது, அருளப்பன் சார் போக்கினார் என்று. அந்தப் பதினான்கு வருடமும் அதை நான் முழுசாக நம்பியதில்லை. நம்பாத ஒன்றை இத்தனை பேரிடம் ஏன் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

நீங்கள் இதை வாங்கிப் போகிறவர். உங்களிடம் அதையே சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் ஆகும். பரவாயில்லையா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். உங்கள் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

எனக்கு நூற்பாலையில் தரம் பார்க்கிற வேலை. முப்பத்தோரு வருடம். நூல் ஓடும், நான் குறையைத் தேடுவேன். தடித்த இடம், மெலிந்த இடம், முடிச்சு. குறை இல்லாத நூலை நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தாலும் கண் அப்படியேதான் இருக்கும். வசந்தாமணி, என் மனைவி, சொல்லுவாள்: "ஏனுங்க, சோத்துல கல்லு இல்லைன்னாக்கூட, எங்க போச்சுன்னு தேடறீங்க."

இது அப்பா கட்டிய வீடு. நீளமான வீடு. முன்னால் இந்த ஹால், பின்னால் கிணறு. அப்பா போன மறு வருடம் நடுவில் சுவர் வந்தது. சுவர் வேண்டும் என்றவன் என் தம்பி மயில்சாமிதான். அதாவது, வாயால் சொல்லவில்லை. அவன் மனைவிக்குத் தனிச் சமையலறை வேண்டும் போல இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியது. கோடு போட்டது நான். ஹாலை வெட்டக் கூடாது என்று சொன்னேன். ஸ்பீக்கருக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் பத்தடியாவது வேண்டும் சார், உங்களுக்கே தெரியும். அது பேராசை இல்லை. கிணற்றுப்பக்கம் அவனுக்கு, ஹால் பக்கம் எனக்கு. அவன் "சரிங்கண்ணா" என்றான். அவ்வளவுதான். எனக்கு அப்போதே சந்தேகம். இவ்வளவு பெரிய ஹாலை விட்டுக்கொடுத்துவிட்டு ஒருவன் வெறும் "சரி" என்று சொன்னால், உள்ளே வேறு ஏதோ வைத்திருக்கிறான்.

இன்னொன்றும் சொன்னேன். எர்த். வாசலில் அப்பா காலத்து எர்த் குழி இருக்கிறது. கரியும் உப்பும் போட்டு, செப்புத் தகடு புதைத்து, ஒழுங்காகச் செய்தது. வீட்டில் எந்த மின்சாரம் கசிந்தாலும் அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விடும். அந்தக் குழியில் அவன் கம்பி வரக் கூடாது என்றேன். நல்ல செட்டுக்குத் தனி எர்த் வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். அடுத்த வீட்டு மோட்டார், மிக்ஸி எல்லாம் அதில் கலந்தால் ஒலி கெட்டுப்போகும் என்று போட்டிருந்தது. எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். "ஒரே ஊடு, எதுக்குங்க ரெண்டு எர்த்து?" என்றார். இப்போது இரண்டு வீடு என்றேன். பின்பக்கம் தோண்டினார்கள். இரண்டடியில் பாறை. அதோடு நிறுத்தி மூடிவிட்டார்கள்.

அதற்கும் மயில்சாமி "சரிங்கண்ணா" என்றான்.

சுவர்ப் பூச்சு காய்ந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் செட்டைப் போட்டேன். பாட்டுக்கு அடியில் ஒரு "ம்ம்ம்..." வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவது மாதிரி. ஒலியைக் குறைத்தாலும் அது குறையவில்லை. ஆறு பத்துக்குத் திடீரென்று பெரிதாயிற்று. ஆறு முப்பத்தைந்துக்கு அடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் மயில்சாமியின் போர் மோட்டார் நின்ற சத்தம் கேட்டது.

அவன் என்ன வேலை செய்தான் தெரியுமா? மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற வேலை. பம்ப்செட் பட்டறையில் அவனை விட்டால் ஆள் இல்லை என்பார்கள். மின்சாரம் அவனுக்கு விரல் நுனியில். அப்படிப்பட்டவன் வீட்டு மோட்டார் ஓடும்போது என் ஸ்பீக்கர் முனகுகிறது. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? நான் அதைத்தான் நினைத்தேன். ஹாலுக்குப் பதில் இதைக் கொடுக்கிறான்.

ஒரு நோட்டு எடுத்து நேரத்தை எழுத ஆரம்பித்தேன். காலை இத்தனை மணிக்குத் தொடக்கம், இத்தனைக்கு முடிவு. மாலையும் அப்படியே. வசந்தாமணி ஒரு நாள் எட்டிப் பார்த்தாள். "தண்ணி ஏத்தற நேரத்தையா எழுதறீங்க? அப்படியே அவங்க ஊட்டுல என்ன குழம்புன்னும் எழுதுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்."

நானும் அவனும் அப்போது பேசிக்கொள்வதில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சு நின்றுபோயிற்று, அவ்வளவுதான். வசந்தாமணி மூலமாகச் சொல்லி அனுப்பினேன்: நான் பாட்டுக் கேட்கிற நேரத்தில் மோட்டார் போட வேண்டாம்.

பதில் வந்தது. "அண்ணனுக்குப் பாட்டு, எனக்குக் குளியலுங்க அண்ணி. குளிக்காமப் போனா பட்டறையில சேத்துக்க மாட்டாங்க." ஆனால் மறுநாளிலிருந்து காலையில் ஐந்து மணிக்கே போட்டு முடித்துவிட்டான். ஐந்து மணிக்குப் பாட்டுக் கேட்கிறவன் இல்லை நான். இருந்தாலும் அலாரம் வைத்து எழுந்து, செட்டைப் போட்டுப் பார்த்தேன். முனகியது. நோட்டில் எழுதினேன்.

சிரிக்காதீர்கள் சார். சரி, சிரியுங்கள்.

அந்த நாட்களில்தான் இது நடந்தது. மயில்சாமியின் மகள் தாரணிக்கு அப்போது பத்து வயது. சந்து வழியாக எங்கள் சமையலறைக்கு வந்துவிடுவாள். குழந்தைக்குச் சுவர் ஏது. ஒரு நாள் வசந்தாமணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பெரியம்மா, எங்க ஊட்டுக் குழாயத் தொட்டா கடிக்குது. எறும்பாட்டம்." நான் ஹாலில் இதே நாற்காலியில் இருந்தேன். காதில் விழுந்தது. என்ன நினைத்தேன் என்று உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். பிள்ளையிடம் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறான், என் எர்த் குழிக்கு அடிபோடுகிறான் என்று நினைத்தேன். அதை நோட்டில் எழுதவில்லை. எழுதும் அளவுக்கு அது பெரிசாகப் படவில்லை.

அருளப்பன் சாரை நண்பர் ஒருவர் அழைத்து வந்தார். சென்னையில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் முப்பது வருடம் இன்ஜினியராக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். மெலிந்த ஆள். செட்டை உடனே தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டார். பிறகு ஆம்ப்ளிஃபயரின் மேல் மூடியைப் புறங்கையால் மெல்லத் தடவிப் பார்த்தார். பின்னால் குனிந்து சாக்கெட்டுகளைப் பார்த்தார். மூடியின் ஓட்டை வழியாக டார்ச் அடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"சுவருக்கு அந்தப் பக்கம் யாருப்பா?"

"குடியிருக்காங்க" என்றேன்.

"குடியிருக்காங்க சரி. யாரு?"

சமையலறையிலிருந்து வசந்தாமணி குரல் கொடுத்தாள். "கூடப் பொறந்தவருங்க சார்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு உட்கார்ந்து பேலன்ஸ்டு பற்றிச் சொன்னார். அதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். அவ்வளவு நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"நம்ம வீட்டு சிவப்பு வெள்ளை முனை வயர் இருக்கே, அதுல பாட்டு போறதுக்கு ஒரு கம்பி. அதைச் சுத்தி ஒரு வலை. அந்த வலைதான் காவலும், திரும்பி வர்ற வழியும். ரெண்டு வேலையும் அதுவே பாக்குது. அதனால வெளியில இருந்து இரைச்சல் ஏறிச்சுன்னா பாட்டோட கலந்துடும், பிரிக்க முடியாது. பேலன்ஸ்டுல காவலுக்கு வலை தனி, உள்ள பாட்டுக்கு ரெண்டு கம்பி. ஒண்ணுல பாட்டு நேரா போகும். ரெண்டாவது கம்பியில அதே பாட்டு தலைகீழா போகும். வழியில இரைச்சல் ஏறினா ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் ஏறும். போய்ச் சேர்ற இடத்துல ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிப்பாங்க. ரெண்டுலயும் பொதுவா இருக்கற இரைச்சல் காணாமப் போயிடும். எதிரெதிரா இருக்கற பாட்டு மட்டும் நிக்கும்."

எனக்கு உடனே மயில்சாமிதான் ஞாபகம் வந்தான். அவன் எத்தனை இரைச்சல் அனுப்பினாலும் இங்கே கழித்துத் தள்ளிவிடலாம். அவனோடு ஒரு வார்த்தை பேசாமலே.

"அதைப் போடுங்க சார்" என்றேன்.

"போடலாம்" என்றார். "ஞாயித்துக்கிழமை வர்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எத்தனை முறை புரட்டிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? ஆலையில் சந்தேகம் வந்தால் நூல் சுற்றிய கோனை மறுபடி ஓட்டிப் பார்ப்போம். அந்த மாதிரி.

மத்தியானம் ஒன்றரைக்கு வந்தார். பையில் கேபிள் தயாராக இருந்தது, இதோ நீங்கள் பார்க்கிற இதே ஜோடி. அப்போது சொன்னார்: "ஒரு முனை சரியா ஒட்டல. வெள்ளி கலந்த ஈயம் வேணும். டவுன்ஹால்ல ஒரு கடையில கிடைக்கும், போய் வாங்கிட்டு வர்றியா?" சிங்காநல்லூரிலிருந்து டவுன்ஹால். வசந்தாமணி உடனே மஞ்சள் பையைக் கொண்டு வந்து கையில் கொடுத்தாள். ஈயக் கம்பி வாங்கப் பை எதற்கு? போனேன். கடை பூட்டியிருந்தது. அந்த வீதியே பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே எந்தக் கடை திறக்கும்? கோயமுத்தூரில் பிறந்த மனிதருக்கு அது தெரியாதா? எனக்கே கிளம்பும்போது தோன்றவில்லை, அது வேறு விஷயம்.

வெறுங்கையோடு திரும்பினேன். போய் வர ஒன்றே முக்கால் மணி நேரம். உள்ளே நுழைகிறேன், செட் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டு இல்லை, வெறும் செட். பச்சை விளக்கு எரிகிறது. ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. கிணற்றுக்குள் பார்ப்பது மாதிரி. அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது, ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.

"என்ன சார் பண்ணீங்க?"

"பேலன்ஸ்டு" என்றார் அருளப்பன் சார். "அவ்வளவுதான்." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சந்தோஷம்தான். ஆனால் கண் இருக்கிறதே. பற்றவைக்கிற இரும்பைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அவர் கணுக்காலில் சேறு ஒட்டியிருந்தது, கிணற்றுப்பக்கத்துக் கறுப்புச் சேறு. ஹால் தரை ஈரமாக இருந்தது. "மூணு மணிக்கு எதுக்கு ஊடு தொடைச்சே?" என்று கேட்டேன். "சாரு காலெல்லாம் சேறுங்க, அதான்" என்றாள். சேறு இன்னும் அவர் காலிலேயே இருக்கிறதே என்று நான் கேட்கவில்லை. மூலையில் இருந்த தையல் மிஷின் மெயின் போர்டுக்கு அடியில், சுவரோரமாக நகர்ந்திருந்தது. "அங்க வெளிச்சம் நல்லாருக்குது" என்றாள். அங்கே ஜன்னலே கிடையாது.

இவ்வளவையும் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இரைச்சல் திரும்ப வந்துவிடுமோ என்று பயம்.

அதற்குப் பதில் அவனுக்குச் சொல்லி அனுப்பினேன். "உன் மோட்டார் இனிமேல் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடட்டும், அண்ணன் பேலன்ஸ்டு போட்டுவிட்டார் என்று சொல்." வசந்தாமணி போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னான்?"

"அப்படீங்களா, சந்தோசம்னு சொல்லுங்க அண்ணின்னாரு."

"சிரிச்சானா?"

"இல்லீங்க."

அவன் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. தோற்றவன் ஒன்று கோபப்படுவான், இல்லை சிரித்து மழுப்புவான். இவன் சந்தோசம் என்கிறான். அருளப்பன் சார் அந்தப் பக்கம் போய் அவனிடம் பேசியிருக்கிறார், இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பற்றி ஏதோ பேசிச் சிரித்திருக்கிறார்கள், அவன் வைத்திருந்த எதையோ அவர் எடுக்க வைத்திருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். அப்படியென்றால் அவன் வேண்டுமென்றே வைத்தது உறுதியாகிறது. பல வருடம் அந்தக் கணக்கோடுதான் இருந்தேன். வெளியில் பேலன்ஸ்டின் பெருமை, உள்ளே இந்தக் கணக்கு.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவன் பல்லடத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்துக் குடும்பத்தோடு போய்விட்டான். சாவியை வசந்தாமணியிடம் கொடுத்தான். நான் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

போன மாதம் செட்டில் இடது பக்கம் ஒலி நின்றுவிட்டது. காந்திபுரத்தில் ரஹ்மத்துல்லா என்று ஒரு மெக்கானிக், நிதானமான மனிதர். திறந்து வைத்துக்கொண்டு போன் செய்தார். "இதை பேலன்ஸ்டுன்னு சொல்லியா வாங்குனீங்க?" என்றார். ஏன் என்றேன். "பின்னாடி இருக்கற சாக்கெட்டு மட்டும்தாங்க பேலன்ஸ்டு. உள்ள ரெண்டாவது கம்பி வர்ற பின்னை அப்படியே எர்த்தோட சேத்து வச்சிருக்கான். அது எங்கயும் போகல. கழிக்கற சர்க்யூட்டே கெடையாது. நீங்க சாதா வயர் போட்டாலும் இதேதாங்க."

போனை வைத்தேன். பதினான்கு வருடமாக ஓடிய நூலில் குறை கிடைத்துவிட்டது. ஆலையில் என்றால் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி வரும். அன்றைக்கு வரவில்லை. கேபிள் இரைச்சலைப் போக்கவில்லை என்றால், போக்கியது எது?

அதே வாரத்தில்தான் கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் ஆலையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, மயில்சாமியும் அவன் மனைவியும் வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். "ஏன், நான் இருக்கும்போது வந்தால் என்ன?" என்றேன். "நீங்க இருந்தா ரூமுக்குள்ள போய்ப் படுத்துக்குவீங்க. பத்திரிகைய கட்டிலுக்கா வெப்பாங்க?" என்றாள் வசந்தாமணி.

மறுநாள் சாவியைக் கேட்டேன். கொடுத்தாள்.

அந்தப் பக்கம் ஒரே ஒட்டடை. அவனுடைய மெயின் போர்டு எங்கள் சுவரிலேயே, என் போர்டுக்கு நேர் பின்னால் இருந்தது. எர்த் கம்பியைத் தேடினேன். கிணற்றுப்பக்கத்துக் குழிக்குப் போகிற கம்பியைத் துண்டித்து, முனையை மடித்துவிட்டிருந்தான். அதற்குப் பதில் வேறு ஒரு கம்பி. சுண்டுவிரல் தடிமன் செம்பு, மேலே காயில் கட்டுகிற பருத்தி நாடாவை இடைவெளி இல்லாமல் சுற்றி, வார்னிஷ் பூசி. அந்தச் சுற்றை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லுவேன். அது தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சுவருக்குள் நுழைந்திருந்தது.

திரும்பி வந்து தையல் மிஷினை நகர்த்தினேன். வெள்ளை சிமென்ட் பூசிய ஒரு வட்டம். அங்கிருந்து அந்தக் கம்பி, வயரை மூடுகிற பிளாஸ்டிக் பட்டைக்குள் மறைந்து என் மெயின் போர்டின் எர்த்தோடு சேர்கிறது. அதாவது வாசலில் இருக்கிற அப்பாவின் குழியோடு.

முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? கேட்டால் சிரிப்பீர்கள். "அவன் கசிவையெல்லாம் என் குழியில் விட்டிருக்கிறான்!" அப்படித்தான் தோன்றியது. கையோடு வசந்தாமணியைக் கூப்பிட்டேன்.

"இது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"பதினாலு வருசமா சொல்லாம இருந்திருக்கே!"

"எப்படீங்க சொல்றது?"

"வாயாலதான்."

"வாயாலதான் சொன்னா அந்தப் புள்ள. குழாய் கடிக்குதுன்னு. நீங்க உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

சமையலறைக்குப் போய்விட்டாள். குக்கர் சத்தம் கேட்டது. நான் தையல் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். காலை ஆறு பத்து. மாலை ஐந்தரை. அந்த நேரங்களில் என்ன நடந்தது? மோட்டார் கசிந்தது, பாறையில் நின்றுபோன குழி அதை வாங்கவில்லை, அது அவர்கள் வீட்டுக் குழாயில் ஏறியது. கேபிள் டிவிக்காரன் தன் பெட்டியை அவன் பக்கத்துச் சுவரில் மாட்டி அவன் எர்த்தோடு சேர்த்திருந்தான்; அந்த வயரின் வலை வழியாக அதில் ஒரு துளி என் டிவிக்கும், டிவியோடு சேர்த்திருந்த செட்டுக்கும் வந்து முனகியது. எனக்கு முனகல். அந்தப் பிள்ளைக்கு எறும்புக் கடி. மழைக்காலத்தில் ஈரக் காலோடு நின்று தொட்டிருந்தால் எறும்போடு நின்றிருக்குமா? ஒவ்வொரு நாளும் நேரம் குறித்து வைத்திருக்கிறேன் சார். என் கையெழுத்து.

போன புதன்கிழமை அருளப்பன் சாரைப் பார்க்கப் போனேன். சாயிபாபா காலனியில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல். காது மந்தமாகிவிட்டது. எதைக் கேட்டாலும் சத்தமாகக் கேட்க வேண்டும். அவர் மகள் காய் நறுக்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ரகசியமாகக் கேட்க நினைத்துப் போனதையெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது.

"ஓட்டை போட்டது யாரு சார்?"

"உன் தம்பிதான். பட்டறை டிரில் கொண்டு வந்தான். நான் சுவரு விழாம பிடிச்சுக்கிட்டேன்" என்று சிரித்தார்.

"எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"நான் எங்கப்பா பொய் சொன்னேன்? பேலன்ஸ்டு பத்திச் சொன்னது அத்தனையும் நிஜம். உன் பெட்டிதான் பொய். மொத நாளே டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன்."

அவர் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. நான் விடவில்லை.

"அவன் எனக்காகச் செஞ்சானா, அவன் புள்ளைக்காகவா?"

"கம்பி ஒண்ணுதானேப்பா. எந்தப் பக்கத்துக்குன்னு எப்படிச் சொல்றது? அடுத்த வாரமே மோட்டாரையும் பிரிச்சு வேற காயில் கட்டிட்டான். அதுவும் யாருக்குன்னு கேப்பியா?"

ஒரு கேள்வியை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதுதான் என்னை வதைத்தது. மூன்று பேர் கூடி என்னை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அதில் முதலில் வாயைத் திறந்தவர் ஒருவர் இருப்பார் இல்லையா? அந்த ஒருவர் தெரிந்தால் போதும் என்று இருந்தது. மயில்சாமி என்றால் கல்யாணத்துக்குப் போக வேண்டியதில்லை. அப்படித்தான் மனசுக்குள் வைத்திருந்தேன். கத்திக் கேட்டேன்.

"நான் ஒத்துக்க மாட்டேன்னு மொதல்ல சொன்னது யாரு சார்? நீங்களா, அவனா, என் வீட்டுக்காரியா?"

காதில் விழவில்லையோ என்று மறுபடி வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரும் சொல்லல. ஞாயித்துக்கிழமைக்கு முந்தி ஒரு நாள் நீ ஆலைக்குப் போனப்புறம் உன் தம்பி பக்கம் வந்தேன். ரெண்டு எர்த்தையும் ஒண்ணாச் சேக்கணும்னேன். மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அப்புறம் உன் சம்சாரம், ஞாயித்துக்கிழமை உன்னை எங்க அனுப்பலாம்னு கேட்டாங்க."

காய் நறுக்குகிற சத்தம் நின்றிருந்தது.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் என் புத்தி வேலை செய்துகொண்டே இருந்தது. "ஓட்டை போட்டு, கம்பி இழுத்து, சிமென்ட் பூச எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டேன். "பாதி மணி. உன் தம்பி கை அப்படி" என்றார். பாதி மணி. நான் போய் வந்தது ஒன்றே முக்கால் மணி நேரம். மீதி நேரம் இருக்கிறது. சுவர் வந்த நாளிலிருந்து பல்லடம் போகிறவரை மயில்சாமி இந்த ஹாலுக்குள் வந்ததில்லை. நான் வா என்று சொன்னதும் இல்லை. அந்த ஒரே ஒரு மத்தியானம்தான் வந்திருக்கிறான், அதுவும் நான் இல்லாதபோது. மீதி நேரத்தில் இங்கே என்ன செய்தான்? எதையாவது தொட்டானா, எதையாவது பார்த்துச் சிரித்தானா என்று கேட்கத்தான் சார் வாயைத் திறந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். வாயில் வந்தது வேறு கேள்வி.

"வேலை முடிஞ்சதும், இரைச்சல் போயிடுச்சான்னு பாக்க ஒரு பாட்டுப் போட்டிருப்பீங்க இல்லையா சார்? அப்ப என் தம்பி நின்னுட்டே கேட்டானா, என் நாற்காலியில உக்காந்து கேட்டானா?"